பள்ளிக்குப் பின்னால் 1,000 சதுர அடி: சறுக்குமரமா, மண்ணும் மரமுமா?

#1 பூவரசம்பீப்பி

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 62 பிள்ளைகள். அதே வளாகத்தில் அங்கன்வாடியும் உண்டு. கட்டடத்துக்குப் பின்னால் 40-க்கு 25 அடி இடம் சும்மா கிடக்கிறது. நடுவில் ஒரு பெரிய வேம்பு, மூலையில் புங்கை, ஓரத்தில் அடிபம்பு. மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே களி. மழை பெய்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

மேலாண்மைக் குழுவில் இரண்டு கட்சி. இரும்புச் சறுக்குமரமும் ரப்பர் தரையும் வேண்டும் என்பது ஒன்று. மணல், தண்ணீர், மரம், கொட்டாங்குச்சி போதும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் கூட்டத்தில் நாலு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டுமே. "இயற்கையோடு விளையாடினால் நல்லது" என்ற பொதுப்பேச்சு வேண்டாம். எத்தனை அடி, எத்தனை யூனிட், எது எதனால் கெட்டுப்போகும், எதில் உண்மையான ஆபத்து, இதையெல்லாம் சொல்லுங்கள்.

#2 தூக்குக்குண்டு

முதலில் மணல்குழி. நிறைய இடத்தில் ஒரே வருடத்தில் பாழாவது இதுதான், காரணம் வடிகால்.

கீழே களி என்றால் ஆழமாகத் தோண்டவே கூடாது. தோண்டினால் அது மணல்குழி ஆகாது, தொட்டிதான் ஆகும். முதல் மழையில் நிரம்பி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் பத்து நாளில் நாறிவிடும். வளாகத்தில் மேடான பக்கம் எது என்று பாருங்கள். அங்கே 12-க்கு 8 அடி அளந்து 9 அங்குலம் மட்டும் தோண்டுங்கள். அடியில் 4 அங்குலம் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதன் மேல் வடிதுணி, அதற்கு மேல் 18 அங்குலம் மணல். மொத்தம் 22 அங்குலம் ஆகிறது. 9 போக மிச்சம் 13 அங்குலம் தரைக்கு மேலே நிற்கும். சுற்றிலும் 15 அங்குல உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, மேல் விளிம்பை உருட்டிப் பூசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே திண்ணை. அங்கன்வாடிக் குழந்தைகள் ஏறி இறங்க ஒரு பக்கம் மட்டும் மண்ணை அணைத்துச் சரிவு விடுங்கள்.

மணல் 12 × 8 × 1.5 = 144 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு யூனிட் 100 கன அடி). ஜல்லி மூன்றில் ஒரு யூனிட். ஜல்லி மட்டத்திலிருந்து துளைபோட்ட 2 அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் துணி சுற்றி, தாழ்வான மூலைக்கு வெளியே விடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு) போதும்.

வடிதுணிக்குப் பதில் சிமெண்டு சாக்கைப் போடுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் சாக்கு நார் நாராகப் பிரிந்து மணலோடு கலந்துவிடும், பொறுக்கி மாளாது. கோணியும் ஒரு மழைக்காலத்தில் மக்கி, மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி 100 சதுர அடிதான் தேவை. காசு பார்க்க வேண்டாத இடம் இது.

எம் சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், முனை மழுங்காது. கான்கிரீட்டுக்கு அந்த முனைதான் நல்லது, முழங்காலுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய சங்கதி அதில் இருக்கும் பொடி. கட்டுமான மணலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 383 விதிப்படியே 150 மைக்ரானுக்குக் கீழான பொடி உடைகல் மணலில் 20 சதவீதம் வரை இருக்கலாம். கருங்கல் பொடியில் சிலிக்கா உண்டு. காய்ந்த நாளில் பிள்ளைகள் அதைக் கிளறினால் மூக்குக்குள்தான் போகும். கழுவிய எம் சாண்டில் தூசி குறையும், முனை அப்படியேதான் இருக்கும். பூச்சு வேலைக்கு விற்கும் பி சாண்ட் இன்னும் பொடி. அனுமதியோடு விற்கும் ஆற்று மணலை வாங்கிப் பூச்சுச் சல்லடையில் ஒருமுறை சலித்துப் போடுங்கள். கிளிஞ்சல், சிமெண்டுக் கட்டி, ஆணி எல்லாம் அப்போதே வந்துவிடும். ஒன்றரை யூனிட் கிடைக்காவிட்டால் குழியைச் சின்னதாக்குங்கள், மணலின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

#3 எதிர்க்கட்சி

மணலுக்கு இவ்வளவு பாடு! ரப்பர் தரை போட்டால் ஒரே நாளில் முடிந்தது. விழுந்தால் அடிபடாது, கழுவி விடலாம், நாயும் பூனையும் அசிங்கம் பண்ணாது. சட்டமும் விளையாட்டு உபகரணம் என்றுதான் சொல்கிறது. மணல் பெற்றோருக்குப் பிடிக்காது, சட்டை அழுக்காகும், குடல்புழு வரும். யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

#4 தூக்குக்குண்டு

//ரப்பர் தரை போட்டால் ஒரே நாளில் முடிந்தது//

முடியாது நண்பரே. ரப்பருக்கு அடியில் கான்கிரீட் படுகை வேண்டும். அதை வேம்பின் வேர்மேல் ஊற்றினால் தண்ணீரும் காற்றும் இறங்காமல் மரம் சில வருடத்தில் நொந்துபோகும். அந்த 1,000 சதுர அடியில் விலைமதிப்புள்ள ஒரே பொருள் அந்த மரம்தான்.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். கறுப்பு ரப்பர் நம் ஊர் மே மாத வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு நிற்க முடியாது. இரும்புச் சறுக்குமரமும் அப்படியே. வெளிநாட்டுக் கையேடுகளில் "சறுக்கை வடக்குப் பார்த்து வை" என்று இருக்கும். அது அவர்கள் ஊர் சூரியனுக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கும். எந்தத் திசையில் வைத்தாலும் சுடத்தான் செய்யும். நிழல் ஒன்றுதான் வழி.

விழுந்தால் அடிபடாமல் காக்க ரப்பர் மட்டும்தான் என்பதும் தவறு. ஐரோப்பிய விளையாட்டிடத் தரம் இ.என். 1176-இல் 0.2 முதல் 2 மி.மீ. வரையான, வண்டல் களி கலக்காத மணல் 20 செ.மீ. இருந்தால் 2 மீட்டர் உயர விழுகைக்கும், 30 செ.மீ. இருந்தால் 3 மீட்டருக்கும் போதும். மிதிபட்டுச் சிதறுவதற்காக இன்னொரு 10 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். மணலுக்கு எதிராக நிற்பது விலையோ பாதுகாப்போ இல்லை. தினம் கிளற ஓர் ஆள் வேண்டும், அதுதான். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் முதலிலேயே எழுப்பி ஆளை முடிவு செய்யுங்கள்.

சட்டம் பற்றி: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விளையாட்டிடம் வேண்டும் என்கிறது, வகுப்புக்குத் தேவையான விளையாட்டுப் பொருளும் வேண்டும் என்கிறது. சறுக்குமரம் என்று எங்கேயும் இல்லை.

#5 ஊசிமருந்து

குடல்புழு பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. ஆனால் எந்தப் புழு, எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உருண்டைப் புழு முட்டை வாய் வழியாக வருகிறது. மண் பட்ட கையோடு சாப்பிடும்போதும் நகத்தைக் கடிக்கும்போதும் உள்ளே போகும். கொக்கிப் புழு அப்படியில்லை. மனித மலம் கலந்த ஈர மண்ணில் அதன் லார்வா வளர்ந்து வெறுங்காலின் தோல் வழியாகவே ஏறும். ஆகவே முதல் கேள்வி, இந்த இடத்தைச் சுற்றித் திறந்தவெளியில் மலம் கழிக்கிறார்களா? கழிவறைக் குழி வழிகிறதா? ஆமாம் என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மணல் ரப்பர் விவாதமெல்லாம் அப்புறம்.

நாய் பூனையின் எச்சம் தனி வகை. நாய்க் கொக்கிப்புழு லார்வா தோலுக்கடியில் புகுந்து, நெளிநெளியாகச் சிவந்த கோடு போட்டு அரிக்கும். நாய் பூனையின் உருண்டைப் புழுவான டாக்ஸோகாராவின் முட்டை வயிற்றுக்குள் போனால் வேறு தொல்லை. ஆனால் இந்த முட்டை விழுந்தவுடன் தொற்றாது. முற்றுவதற்குக் குறைந்தது ஒன்றிரண்டு வாரம் ஆகும். கொக்கிப் புழு லார்வா தொற்றும் நிலைக்கு வர ஐந்தாறு நாளாவது வேண்டும். அதனால்தான் "தினமும் பார்த்து அள்ளிப் போடு" என்ற சாதாரண விதி இவ்வளவு வேலை செய்கிறது. அன்றன்று எச்சத்தை, சுற்றியுள்ள ஒரு கை மணலோடு சேர்த்து எடுத்துப் புதைத்தால் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவே: மாலையில் குழியை வலையால் மூடுங்கள். பச்சை நிழல்வலையோ சின்னக் கண் மீன்வலையோ போதும். தார்ப்பாய் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், லார்வாவுக்கு அந்த ஈரமும் இருட்டும்தான் பிடிக்கும். காலையில் வலையை எடுத்தால் இரண்டு மணி நேரமாவது வெயில் படட்டும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் அடிவரை புரட்டுங்கள். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவல், வாரம் ஒருநாள் நகம் பார்த்தல். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை பள்ளியிலேயே தருகிறார்கள், ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அரை மாத்திரை. அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கென்று பின்னால் ஒரு நாள் வைக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

சிராய்ப்புக்கு எல்லாம் டெட்டனஸ் ஊசிக்கு ஓட வேண்டாம். 16-24 மாதத்திலும் 5-6 வயதிலும் டிபிடி ஊக்க ஊசி போட்டிருந்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. தடுப்பூசி அட்டையின் நகலை வகுப்பு வாரியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணி ஆழமாகக் குத்தினால் மட்டும் அந்தக் கோப்போடு ஆரம்ப சுகாதார நிலையம் போகவும்.

#6 ஓணான்

இடத்தில் கை வைக்குமுன் செடி கொடியைப் பாருங்கள். வேலியோரம் பெரும்பாலும் இருப்பவை, இருக்கக் கூடாதவை:

மஞ்சள் அரளி, செவ்வரளி. பால், விதை, இலை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. பள்ளிக்கூட வாசலில் அழகுக்கு வைப்பதை என்னவென்று சொல்ல!

காட்டாமணக்கு. கொட்டை வேர்க்கடலை மாதிரி ருசிக்கும், பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரி போவது இதனால்தான். ஆமணக்கும் ஊமத்தையும் அதே பட்டியல். குன்றிமணியை முழுசாக விழுங்கினால் அதன் கெட்டி மேலோடு காப்பாற்றலாம், கடித்தாலோ துளைபோட்டு மாலை கோத்தாலோ பெரிய ஆபத்து. சிவப்பும் கறுப்புமாக ஈர்க்கும் என்பதால் "தொடாதே" என்று சொல்லி நிறுத்த முடியாது, கொடியையே எடுத்துவிட வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

புங்கை நல்ல நிழல், இருக்கட்டும். புங்கங்காயை உருட்டலாம், தின்னக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

ஏறுவதற்கு: கொய்யா நல்ல மரம். கிளை வளையும், சட்டென்று ஒடியாது, தாழ்வாகவே கவைவிடும். புளி உறுதி. வேம்பில் பச்சைக் கிளை தாங்கும், காய்ந்தது தாங்காது. முருங்கையில் யாரும் ஏறக் கூடாது, நாவலையும் நம்பக் கூடாது, இரண்டும் சொல்லாமல் ஒடியும். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்புழு அப்பிக்கிடக்கும். முடி குத்தினால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்தது எல்லாரும் செய்கிற தவறு. வேம்பைச் சுற்றி வட்டமாக சிமெண்டுத் திண்டு கட்டுவது. பார்க்க லட்சணம்தான். ஆனால் பிள்ளை ஏறுகிற மரத்துக்கு அடியில் கூரான சிமெண்டு விளிம்பு இருந்தால், கைமுறிவாக முடிய வேண்டிய விழுகை மண்டை உடைவாக முடியும். ஏறும் கிளைக்கு நேர்கீழே சுற்றிலும் ஆறேழு அடி திண்டு, கல், வேர்முண்டு இல்லாமல் வைத்து, மண்ணை மேலாகக் கொத்தித் தளர்த்தி, சருகோ தென்னைநார்க் கழிவோ பரப்புங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வேர் மூச்சுவிட வேண்டும்.

பாம்பு. பிள்ளைகள் பூச்சி தேடிப் பார்க்கச் சருகு போட்டு வைத்தால் பாம்பு வருமே என்பார்கள். வரும், குவியலாக வைத்தால். செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, மூடாத சுவர்ப் பொந்து, சிந்திய சத்துணவுச் சோறு, அதைத் தின்ன வரும் எலி, இவைதான் பாம்பை அழைப்பவை. சருகை இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, வெட்டவெளியில் பரப்புங்கள். மரவட்டை, நத்தை, மண்புழு, குழிநரிப் பூச்சி எல்லாம் அங்கேயே கிடைக்கும். கிளறக் குச்சிதான், கை கூடாது. கல்லைப் புரட்டும் முறையையும் பழக்குங்கள்: கல்லின் அந்தப் பக்கத்து விளிம்பைக் குச்சியால் நெம்பித் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்போது திறக்கும் வாய் எதிர்ப்புறம் இருக்கும், கல்லே நமக்குக் கேடயம். செந்தேள் கொட்டினால் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து, வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. பாம்புக்கடிக்கும் கட்டுப் போடாமல், கீறாமல், கையை காலை அசைக்காமல் 108.

#7 எதிர்க்கட்சி

ஓணான் அண்ணே, இவ்வளவு விஷம், தேள், பாம்பு எல்லாம் சொல்லிவிட்டு "வெளியே விடுங்கள்" என்றால் எந்தத் தாய் விடுவாள்? இதற்கெல்லாம் ஈடாக என்ன கிடைக்கிறது? மூளை வளரும், அறிவு வளரும் என்ற வாட்சப் வாசகம் வேண்டாம். ஆதாரம்?

#8 லக்ஸ்மீட்டர்

மற்றது இருக்கட்டும், கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த சோதனை 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளி வகுப்பு, மீதிப் பள்ளிகள் வழக்கம்போல. மூன்று வருடம் கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம், போகாத பள்ளிகளில் 39.5. செய்தது வேறு ஒன்றுமில்லை, வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். தைவான் 2010-இலிருந்து தினம் 120 நிமிடம் வெளியே என்று நாடு முழுக்கத் திட்டமாகவே வைத்தது. ஏறிக்கொண்டிருந்த கிட்டப்பார்வைக் கோடு திரும்பியது.

காரணம் வெளிச்சம். வகுப்பறை மேசையில் 200-300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் அதிகம். வெட்டவெளியில் பத்தாயிரங்களில் இருக்கும், மரநிழலில்கூட ஆயிரங்களில். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து, கிட்டப்பார்வைக்குக் காரணமான கண்விழி நீளமாவதைத் தடுக்கிறது என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை. 1,000 லக்ஸ், அதாவது நிழலே போதும் என்று தைவானில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊருக்கு அது பெரிய செய்தி. காலை பத்துக்கு முன், மாலை நான்குக்குப் பின், வேம்படி. போனிலேயே லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, வகுப்பறையிலும் மரத்தடியிலும் அளந்து கூட்டத்தில் காட்டுங்கள். துல்லியமாக இருக்காது, வித்தியாசம் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இது கிட்டப்பார்வை புதிதாக வருவதைக் குறைப்பது. ஏற்கெனவே வந்த கண்ணாடியை இறக்கி வைக்காது.

#9 ஊசிமருந்து

நோய் எதிர்ப்பு பற்றி யாராவது சொல்வார்கள், அதற்கு முன் நானே அளவோடு சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்தரையையும் கொண்டுவந்து விரித்து, 3-5 வயதுக் குழந்தைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். 2020-இல் வெளியான ஆய்வு. குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் நோய் எதிர்ப்பை நிதானப்படுத்தும் குறிகள் மேம்பட்டன. ஆனால் பங்கேற்றவர்கள் எல்லாச் சாராரும் சேர்த்து 75 பேர்தான். அளந்தது ரத்தக் குறிகளை. ஆஸ்துமா குறைந்ததா, அலர்ஜி குறைந்ததா என்று அது காட்டவில்லை. அங்குள்ள மண்ணில் நம் ஊர்ப் புழுக்களும் இல்லை. ஆகவே "மண்ணில் விளையாடினால் அலர்ஜி வராது" என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

உடல் அசைவுக்கு உறுதியான அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 3-4 வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிடம் ஓட்டம் ஆட்டம், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி. அங்கன்வாடிக்குள் உட்கார்த்தி வைத்து இதை எட்டவே முடியாது.

#10 சாக்பீஸ்

எதிர்க்கட்சியார் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் ஒரு குழப்பம் இருக்கிறது. பிள்ளை பார்த்து எடைபோடக் கூடிய ஆபத்து வேறு, பார்க்க முடியாத ஆபத்து வேறு. கிளை உயரம் கண்ணுக்குத் தெரியும், "இதுக்கு மேல வேண்டாம்" என்று அதுவே நிறுத்தும். கிளை உள்ளே உளுத்திருப்பது தெரியாது. மணலில் புதைந்த கண்ணாடிச் சில்லு தெரியாது. குன்றிமணி நஞ்சு என்பது தெரியாது. இரண்டாவது வகையைத் தேடி எடுப்பதுதான் பெரியவர் வேலை. முதல் வகையையும் சேர்த்து எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பழக ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் எங்கேயோ பெரிய உயரத்தில்தான் முதல்முறையாகப் பழகும்.

ஏறுவதற்கு ஒரே விதி: தூக்கிவிடாதே. தானாக ஏற முடிந்த உயரம்தான் அந்தப் பிள்ளைக்கான உயரம். தானாக ஏறினதற்குப் பெரும்பாலும் இறங்கத் தெரிந்திருக்கும், ஏற்றிவிடப்பட்டதற்குத் தெரியாது. நடுவில் திணறினால் "பாத்து, விழுந்துடுவ!" என்று கத்தினால் பிடிதான் தளரும். "இடது காலுக்குக் கீழே கவை இருக்கு" என்று சொல்லுங்கள்.

நேரம். பதினைந்து நிமிட இடைவேளையில் மண் விளையாட்டு வராது. முதல் பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பதிலும் "நீ அம்மா, நான் கடைக்காரன்" என்று பேசி முடிப்பதிலும் போகும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது மணியடித்தால் எரிச்சல்தான் மிச்சம். முழுதாக ஒரு பாடவேளை, 40-45 நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள். 62 பேரையும் ஒன்றாக விடாதீர்கள், இரண்டு குழுவாகப் பிரித்து விடுங்கள்.

பொருள்கள். சறுக்குமரத்தில் செய்ய ஒரே வேலைதான் உண்டு. கொட்டாங்குச்சி அப்படியில்லை, அது இட்லித் தட்டு, அளவுபடி, தொப்பி, தொலைபேசி, ஆமை. கழட்டி மாட்டி நகர்த்தக் கூடிய சாமான் அதிகமிருந்தால் ஆட்டமும் அதிகம் என்று சைமன் நிக்கல்சன் என்ற ஓவியர் 1971-இல் எழுதினார். டென்மார்க்கில் எம்த்ரூப் என்ற இடத்தில் 1943-லேயே உதிரிப் பலகையும் செங்கல்லும் மண்வெட்டியும் மட்டும் போட்டு ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். நம்மவர்களுக்கு இது பழசு. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு, தாங்கள் கட்டிய மண்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதுதான் அது.

முப்பது பேருக்கு நூறு கொட்டாங்குச்சி என்றாலும் அதிகமில்லை. குறைந்தால் சண்டை. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒன்றடி முதல் நான்கடி வரை மூங்கில் துண்டு நாற்பது, வெட்டுவாயில் சிம்பு இல்லாமல். தென்னம்பாளை, பாக்குமட்டை, பனங்கொட்டை, சணல் சாக்கு பத்து, பழைய புடவை நாலு. பனைமட்டை போட்டால் இரண்டு பக்கக் கருக்கையும் அரிவாளால் சீவிவிட்டுத்தான் போட வேண்டும், அது ரம்பம். கோடையில் நுங்குக் கூந்தல் (நுங்கு எடுத்த வெறுங்காய்) கிடைத்தால் ஒரு குச்சி, ஒரு கவைக்கம்பு சேர்த்து வண்டி. சாமான்களைப் பூட்டி வைக்காதீர்கள். சாவி தலைமையாசிரியர் மேசையில் இருந்தால் ஒரு மாதத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அங்கன்வாடிக்குத் தனி நேரம். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் வேண்டாம். சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழலுக்குள் அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கும்.

#11 பூவரசம்பீப்பி

கோடி நன்றி. பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டேன். இன்னும் நான்கு கேள்வி:

வேம்பில் ஊஞ்சல் கட்டலாமா? பழைய டயர் இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? அடிபம்புத் தண்ணீரை எப்படி விளையாட்டுக்குக் கொண்டுவருவது? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன வழி?

#12 தூக்குக்குண்டு

ஊஞ்சல்: கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு முன்னாலும் இரண்டு மடங்கு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். 8 அடிக் கிளை என்றால் முன்னே 16, பின்னே 16, மொத்தம் 32 அடி. உங்கள் இடமே 40-க்கு 25. ஓர் ஊஞ்சலுக்கு முற்றம் முழுவதையும் கொடுத்துவிட்டு மற்ற முப்பது பேரும் சுவரோரம் நிற்க வேண்டும். வேண்டாம். அதே கிளையில் (கட்டும் இடத்தில் விட்டம் 8 அங்குலமாவது இருக்கட்டும்) ஏறும் கயிறு ஒன்று தொங்கவிடுங்கள். ஓர் அங்குலத் தடிமன் நைலான், அடிக்கு ஒரு முடிச்சு, தரைக்கு ஓரடி மேலே முடியட்டும். கிளையில் உராயும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றுங்கள். கண்ணி, சுருக்கு எதுவும் வைக்காதீர்கள், கழுத்து மாட்டும். தேங்காய்நார்க் கயிறு வெயிலிலும் மழையிலும் உள்ளே இற்றுப்போகும், வெளியே தெரியாது.

டயர்: டிராக்டர், பைக் டயராக இருந்தால் சரி. கார், லாரி ரேடியல் டயரில் கம்பி வலை உண்டு, தேய்ந்தோ வெட்டியோ இருந்தால் கம்பி நீட்டிக் கிழிக்கும். எந்த டயரானாலும் அடியில் நாலு இடத்தில் ஓர் அங்குலத் துளை கட்டாயம். தேங்கிய ஒரு டம்ளர் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும். அதுதான் டெங்கு. பாதி புதைத்தால் உள்ளே மண்ணை நிரப்பிவிடுங்கள்.

தண்ணீர்: இரண்டு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, வெட்டுவாயைத் தேய்த்து, பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டத்தில் கவைக்கம்பு மேல் வையுங்கள். நிரந்தரமாகப் பதிக்காதீர்கள், வாட்டத்தைப் பிள்ளைகளே மாற்றிப் பார்க்கட்டும். வாழைப்பட்டை இன்னும் நல்லது, வாரம் ஒன்று மாற்றலாம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு குடம் என்று வரம்பு வையுங்கள். குடத்துக்கு வரம்பிருந்தால் அணை கட்டுவார்கள், குழாயைத் திறந்துவிட்டால் சேறு மட்டும்தான். மண்வீட்டுக்கு எட்டுக் கொட்டாங்குச்சி மணலுக்கு ஒரு கொட்டாங்குச்சி தண்ணீர், அதுதான் பிடிக்கிற பதம். முடிந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைக்க வேண்டும். கொசு ஒரு காரணம், அங்கன்வாடி இன்னொரு காரணம். தவழ்கிற குழந்தை முங்க நாலு விரற்கடைத் தண்ணீர் போதும்.

சக்கர நாற்காலி: வாசலிலிருந்து மணல்குழி வரை நான்கடி அகலத்தில் திமிசு போட்டு இறுக்கிய பாதை. குழியின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, அடியில் 27 அங்குலம் இடைவெளிவிட்டு ஒரு மணல் மேசை. முழங்கால் உள்ளே போனால்தான் கை எட்டும். மற்ற பிள்ளைகள் நின்றபடி அதே மேசையில் விளையாடுவார்கள், தனியாக உட்கார்த்த வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். குப்பைமேடு, பட்டறை, பழைய பேட்டரி உடைத்த இடம், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு கொட்டிய இடம் என்றால் மேல்மண்ணை நம்பக் கூடாது. வேளாண்மைத் துறை மண் பரிசோதனை தழைச்சத்து மணிச்சத்துதான் சொல்லும், ஈயம் சொல்லாது. அதற்குத் தனி ஆய்வகம் வேண்டும்.

#13 ஓணான்

ஒளிந்து விளையாட ஒரு குகை கேட்பார்கள். வெளிநாட்டில் வில்லோ குச்சியில் பின்னுவார்கள். நமக்கு நொச்சி. விரல் தடிமனில் மூன்றடிக் குச்சி வெட்டி, ஓரடி மண்ணுக்குள் போக, ஓரடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, நடுவே மூன்றடி வழி. புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே வளர்த்துவிடும். அடுத்த வருடம் நுனிகளை வளைத்துச் சேர்த்துக் கட்டுங்கள். கூடை முடைகிற குச்சி, ஒடியாது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும்படி கீழ் இரண்டடியில் இலையைக் கழித்து வையுங்கள். பாம்பும் அப்போதுதான் தெரியும்.

பூவரசும் ஒன்று நடுங்கள், ஆறடிப் போத்து நட்டாலே வேர்பிடிக்கும். இழையைத் தொடங்கியவரின் பெயருக்காவது!

#14 எதிர்க்கட்சி

சரி, ரப்பர் தரையை வாபஸ் வாங்குகிறேன். சறுக்குமரத்தை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. கடைசியாக ஒன்று. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பள்ளி பூட்டியிருக்கும். வலை போட ஆள் இருக்காது, கிளற ஆள் இருக்காது. ஊரிலுள்ள நாயெல்லாம் அந்த மணலில்தான் படுக்கும். அப்போது?

#15 ஊசிமருந்து

படுக்கட்டும் என்று விட்டுவிட்டு, திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மேல் மணல் நாலு அங்குலத்தை வழித்து எடுத்து வெளியே கொட்டிவிடுங்கள். 32 கன அடி, மூன்றில் ஒரு யூனிட். மரத்தடிக்கு வேண்டாம், கட்டட வேலைக்குக் கொடுத்துவிடலாம். மிச்சத்தை அடிவரை புரட்டி, தினம் ஒருமுறை கிளறி, ஐந்தாறு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். லார்வா காய்வதைத் தாங்காது. டாக்ஸோகாரா முட்டை தாங்கும், அதனால்தான் மேல்மணலை எடுக்கச் சொன்னேன். பிறகு சலித்த புது மணல் நாலு அங்குலம். இந்த மூன்றில் ஒரு யூனிட்டை வருடாவருடச் செலவாக இப்போதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

#16 தூக்குக்குண்டு

அந்தச் சமயத்தில் வடிகால் குழாயின் வாயையும் குத்திப் பாருங்கள். எலி கூடு வைத்திருக்கும்.